பெயர் அறியாப் பிணியும் உடனிருப்போர் கடனும்

தமிழர் எதற்கும் பெயர் வைத்துப் பழகியவர்கள். வீசும் திசைக்கேற்பக் காற்றுக்குத் தென்றல், வாடை, கொண்டல், கோடை என நான்கு பெயர்கள் வைத்தோம். பூவின் பருவங்களுக்கு அரும்பு, போது, மலர், வீ, செம்மல் எனப் பெயர்கள் கண்டோம். பெயர் தெரிந்துவிட்டால் அப்பொருள் பாதி நம் வசப்பட்டது போன்றதொரு நிறைவு தோன்றுகிறது. அதனாலேயே பெயர் தெரியாத ஒன்றைக் கண்டால் மனம் நடுங்குகிறது. அவ்வாறு பெயர் தெரியாத ஒரு பிணி, தம் குழந்தையின் உடலில் குடிபுகுந்து, மாதங்கள் ஆண்டுகளாகியும் வெளியேறாதிருந்தால் பெற்றோரின் நிலை என்னவாகும்? இக்கட்டுரை அத்தகைய பெற்றோரைப் பற்றியது. அவர்களைச் சூழ்ந்து வாழும் நம்மைப் பற்றியதும் ஆகும்.

சென்னை சென்ட்ரலிலிருந்து புறப்படும் ரயில் வண்டிகள் வேகம் கொள்ளுமுன் கடந்து செல்லும் இடம் பேசின் பிரிட்ஜ். தண்டவாளங்கள், ரயில் பெட்டிகளைப் பராமரிக்கும் பணிமனை, பக்கிங்காம் கால்வாய், மின் நிலையம் ஆகியவற்றுக்கு இடையே நெருங்கிக் கிடக்கும் குடியிருப்புகள் இங்கே உள்ளன. புளியந்தோப்பும் மூலக்கொத்தளமும் வியாசர்பாடியும் அக்கம்பக்கம். துறைமுகத்தில் சுமை தூக்குவோர், லாரி ஓட்டுவோர், மீன் விற்போர், பழைய இரும்பு வாணிகம் செய்வோர், வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்டிர் எனப் பல திறத்தாரும் பல சமயத்தாரும் இங்கு வாழ்கின்றனர். அன்றாடக் கூலியை நம்பிய இவ்வில்லங்களில் ஒரு குழந்தை நெடுநாள் நோயுற்றால் வீட்டின் ஒழுங்கு முழுவதும் குலைந்து போகிறது.

தொடக்கத்தில் அது சாதாரணக் காய்ச்சலாகவே தோன்றும். தெருமுனை மருத்துவர் தரும் மருந்தில் ஒரு வாரம் தணியும். பிறகு மீண்டும் வரும். குழந்தைக்கு எடை கூடுவதில்லை. மூட்டு வலிக்கிறது என்கிறது. ஓடியாடிய பிள்ளை மாடிப்படி ஏறத் தயங்குகிறது. அடுத்து ஸ்டான்லி மருத்துவமனை. 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பசித்தோருக்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்தின் வழிவந்த அம்மருத்துவமனையை இப்பகுதி முதியோர் இன்றும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே அழைப்பர். அதன்பின் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. குருதி, சிறுநீர், எக்ஸ்ரே, ஸ்கேன் எனச் சோதனைகள் தொடரும். முடிவில் 'ஒன்றும் இல்லை' என்ற விடை கிடைக்கும்.

இந்த 'ஒன்றும் இல்லை' என்னும் சொற்களை நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். சோதனைக்கூடத்தின் மொழியில் அதற்குப் பொருள், தேடிய நோய்கள் தென்படவில்லை என்பதே. வீட்டுக்கு வந்து சேரும்போதோ அது, குழந்தைக்கு நோயே இல்லை என்றாகி விடுகிறது. பள்ளிக்குச் செல்ல மனமின்றி நடிக்கிறான் என்பர் சிலர். தாய் கொடுக்கும் செல்லம் என்பர் வேறு சிலர். இரவு இரண்டு மணிக்கு அக்குழந்தையின் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருப்பவள் அத்தாயே. அவளிடம்தான் ஊரார் வந்து 'ஒன்றும் இல்லை' என்று கூறுகின்றனர்.

காரணம் தெரியாததால் நோயும் இல்லை என்றாகி விடாது. 2024ஆம் ஆண்டு அக்டோபர் 25 அன்று திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியின் மாணவர் பலர் தொண்டை எரிச்சலும் மூச்சுத் திணறலும் உற்று மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். நவம்பர் 4 அன்று பள்ளி மீண்டும் திறக்கப்பட்டபோதும் சிலர் அவ்வாறே துன்புற்றனர். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தார் கருவிகளைக் கொண்டு காற்றை அளந்தனர். ஆயினும் இன்ன வாயு, இங்கிருந்து வந்தது என்று உடனே துணிய முடியவில்லை. காரணம் தெளிவாகவில்லை என்பதற்காக அப்பிள்ளைகள் இருமியது பொய்யாகி விடுமா? ஓர் ஊரே கண்ட நிகழ்ச்சிக்கே இந்நிலை எனில், ஒற்றை அறைக்குள் ஒரு தாய் மட்டும் காணும் நோய் எவ்வளவு எளிதாக மறுக்கப்படும்!

மருத்துவத் துறையினரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. குழந்தைகளின் நோய் பலவேளைகளில் எளிதில் பிடிபடுவதில்லை. காசநோயையே எடுத்துக்கொள்வோம். பெரியவர்கள் சளியை உமிழ்ந்து தர, அதில் கிருமியைக் கண்டறியலாம். சிறு குழந்தைக்குச் சளியை வெளியே உமிழத் தெரியாது, விழுங்கிவிடும். அதன் உடலில் கிருமிகளும் மிகக் குறைவாகவே இருக்கும். ஆகவே விடை தெளிவாகக் கிடைப்பது அரிது. இனி மரபணுக் குறையால் வரும் அரிய நோய்களோ ஆயிரக்கணக்கில் உள்ளன. ஒரு மருத்துவர் தம் வாழ்நாள் முழுவதும் அவற்றுள் ஒன்றைக்கூடப் பாராமற் போகலாம். ஐரோப்பிய நாடுகளில் அரிய நோயுற்றோரிடையே நடத்தப்பெற்று 2024இல் வெளியான ஆய்வொன்று, நோயின் பெயரை உறுதியாக அறியச் சராசரியாக ஐந்தாண்டுகளுக்குச் சற்றே குறைவான காலம் ஆகிறது எனக் கூறுகிறது. வசதி மிகுந்த நாடுகளிலேயே இவ்வளவு காலம் பிடிக்கிறது.

அமெரிக்க அரசின் தேசிய நலவாழ்வு நிறுவனம், பெயர் அறியா நோய்களுக்கென்றே 2008ஆம் ஆண்டில் ஒரு தனித் திட்டத்தைத் தொடங்கியது. அது பின்னர்ப் பல மருத்துவமனைகளை இணைக்கும் அமைப்பாக விரிந்தது. அவ்வமைப்பு 2018இல் வெளியிட்ட கணக்கின்படி, சிறாரும் பெரியோருமாக முழுமையாக ஆராயப்பட்ட 382 பேரில் 132 பேருக்கே விடை கிடைத்தது. தேர்ந்த அறிஞர்கள் கூடித் தேடியும் மூவரில் இருவருக்கு அன்று பெயர் கிட்டவில்லை. இதை மனச்சோர்வு தருவதற்காக நாம் கூறவில்லை. பெயர் கிடைக்கும் வரை பராமரிப்பைத் தள்ளி வைக்க முடியாது என்பதை உணர்த்தவே கூறுகிறோம்.

திருக்குறளில் 95ஆம் அதிகாரம் மருந்து. அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறார். நோயுற்றவர், மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, உடனிருந்து மருந்தைப் பிழையின்றிக் கொடுப்பவரையும் அவர் நான்காவது கூறாக வைத்திருப்பது எண்ணி மகிழத்தக்கது. பெயர் அறியாப் பிணியில் மருத்துவர் தயங்கி நிற்கிறார். மருந்தோ இன்னதென்று தெரியவில்லை. எஞ்சியிருப்போர் இருவரே: நோயுற்ற குழந்தையும், உடனிருப்போரும். ஆகவே இங்கு உடனிருப்போரின் பொறுப்பு இரு மடங்காகிறது.

அப்பொறுப்பில் முதலாவது, பொய்ப் பெயர்களிடமிருந்து குழந்தையைக் காப்பது. மருத்துவமனை பெயர் சொல்லாதபோது தெரு பெயர் சொல்லத் தொடங்குகிறது. மாந்தம், கணை, செவ்வாப்பு, தொக்கம், உள்காய்ச்சல், பயந்த தோஷம், கண்ணேறு எனப் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. திருஷ்டி சுற்றிப் போடுவதால் குழந்தைக்குத் தீங்கொன்றும் நேராது. தாயின் மனத்துக்கு அது ஆறுதலாகவும் அமையலாம். ஆனால் மாந்தம் என்று வயிற்றில் சூடு போடுவதும், தொக்கம் எடுப்பதாகத் தொண்டைக்குள் விரல் விடுவதும் கொடுமை. அவற்றினும் மறைவான தீங்கு ஒன்றுண்டு. முறையாகப் படியாதவர் தரும் ஸ்டீராய்டு மாத்திரை இரண்டே நாளில் காய்ச்சலையும் வலியையும் அடக்கிவிடும். வீட்டார் அவரைக் கைராசிக்காரர் என்பர். உண்மையில் நோய் அடங்கவில்லை, மறைந்திருக்கிறது. காசநோயானால் உள்ளே பெருகும்; குருதிப் புற்றானால் பின்னர் வரும் மருத்துவரின் கண்ணுக்கும் எளிதில் புலப்படாது. பெயர் இல்லாத நிலையை விடப் பொய்ப் பெயர் கொடியது.

இரண்டாவது பொறுப்பு, எழுதி வைப்பது. அரபு மொழியில் எழுதிய மருத்துவ அறிஞர்களுள் தலைசிறந்தவராகிய அர்ராஸி (865-925) பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தி விளக்கித் தனி நூல் செய்தவர். நோயாளியின் அருகிருந்து நாள்தோறும் கண்டதைக் குறித்து வைக்கும் வழக்கம் அவருக்கு இருந்தது. அவர் மறைந்தபின் அக்குறிப்புகளிலிருந்தே ஒரு பெருநூல் தொகுக்கப்பட்டது. கண்டதைக் கண்டவாறே எழுதும் அவ்வழக்கம் இன்றும் பயன் தருகிறது. முன் சொன்ன அமெரிக்கக் கணக்கில், விடை கிடைத்த 132 பேருள் 15 பேருக்கு மரபணுச் சோதனையின்றி, நோய் வரலாற்றையும் உடல்நிலையையும் மீண்டும் கூர்ந்து ஆராய்ந்ததனாலேயே பெயர் தெரிந்தது.

நம் நாட்டிலும் சான்று உண்டு. உத்தரப் பிரதேசத்தின் மேற்குப் பகுதியில் குளிர்காலந்தோறும் சிறு குழந்தைகள் திடீரென மயங்கி இறந்தனர். நச்சுயிரியால் வரும் மூளைக்காய்ச்சல் என்றே பல்லாண்டுகள் கருதப்பட்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டி. ஜேக்கப் ஜான் அவர்களும் பிஜ்னோர் நகரக் குழந்தை மருத்துவரும் இணைந்து ஆராய்ந்து, அது பேயாவிரைச் செடியின் விதையைக் குழந்தைகள் விளையாட்டாகத் தின்றதால் வந்த நஞ்சு என்று 2007இல் வெளியிட்டனர். குழந்தை எங்கே விளையாடியது, எதைத் தின்றது என்று வீட்டாரைக் கேட்டறிந்ததே அவர்களுக்கு வழிகாட்டியது. நோய்க்கான விடை அக்குடிசைகளில்தான் இருந்தது. அதுவரை யாரும் முறையாகக் கேட்கவில்லை.

எனவே ஒவ்வொரு தாயின் கையிலும் ஒரு நோட்டுப் புத்தகம் இருத்தல் வேண்டும். காய்ச்சல் எந்நேரம் வந்தது, வெப்பமானி காட்டிய அளவு எவ்வளவு, எத்தனை மணி நேரம் நீடித்தது, அன்று குழந்தை என்ன உண்டது, எம்மருந்து எவ்வளவு கொடுக்கப்பட்டது, மாதந்தோறும் எடை என்ன ஆகியவற்றைத் தேதியிட்டு எழுத வேண்டும். வலிப்போ நடுக்கமோ கண்டால் குழந்தையைப் பாதுகாப்பாகப் படுக்க வைத்த பின், வீட்டில் ஒருவர் அதைக் கைப்பேசியில் படம்பிடித்து வைத்தல் நலம். மருத்துவர் நேரில் காணாததை அது காட்டும். உறவில் இதுபோன்ற நோயுற்ற குழந்தை உண்டா, சிசுவிலேயே இறந்தவர் உண்டா என்பதையும் குறிக்க வேண்டும். ஓ.பி. சீட்டு முதல் ஸ்கேன் படம் வரை எதையும் எறியாமல் தேதி வரிசையில் அடுக்கி வைக்க வேண்டும். கால்வாயை ஒட்டிய வீடுகளில் மழைநீர் புகுவதை 2015இலும் 2023இலும் கண்டோம். ஆதலால் அவற்றின் படங்களும் கைப்பேசியில் இருக்கட்டும்.

இங்கேதான் தமிழ்த்துறைக்கு ஒரு கடமை இருப்பதாக நாம் கருதுகிறோம். மருத்துவமனைக் காகிதங்கள் ஆங்கிலத்தில் உள்ளன. தாயின் அனுபவமோ தமிழில் உள்ளது. 'புள்ள துவண்டு போறான்', 'கை கால் விட்டுப் போச்சுங்குறான்', 'உடம்பு கதகதன்னு இருக்கு' என்று அவள் கூறுபவை வெறும் புலம்பல் அல்ல, கூர்மையான அறிகுறிகள். துவள்வது வேறு, சோர்வது வேறு, மயங்குவது வேறு. வரிசையில் நூறு பேர் நிற்கையில் மருத்துவர் அவளுக்குத் தரக்கூடிய நேரம் சில நிமிடங்களே. அந்நேரத்தில் பதற்றத்தால் பாதியை மறந்து விடுகிறாள். எழுத்தறியாத அன்னையரிடம் அமர்ந்து, அவர்கள் கூறுவதை அவர்கள் சொல்லிலேயே கேட்டு, ஒரு பக்க அளவில் ஒழுங்குபடுத்தித் தர நம் மாணவர்களால் இயலாதா? நாட்டுப்புறப் பாடல்களைத் தேடித் தொகுத்துப் பழகியவர்கள் தமிழ்த்துறை மாணவர்கள். அதே பயிற்சியால் ஓர் உயிருக்கு உதவலாம். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் மருத்துவமனைக்கு உடன்சென்று வரிசையில் நின்றால், கூலி இழக்கும் ஒரு தந்தைக்கு அந்நாள் மிஞ்சும்.

மருத்துவரை அடிக்கடி மாற்றுவதையும் பெற்றோர் தவிர்க்க வேண்டும். இரண்டாவது கருத்துக் கேட்பதில் தவறில்லை. ஆனால் பழைய காகிதங்களை மறைத்துப் புதிதாகத் தொடங்கினால் சோதனைகளும் முதலிலிருந்தே தொடங்கும். குழந்தையின் கையில் ஊசித் தழும்புகளே மிகும். குழந்தையைத் தொடர்ந்து அறிந்த மருத்துவர் ஒருவர் வேண்டும். அவரிடம் மூன்று வினாக்களைக் கேட்கலாம். எந்தெந்த நோய் இல்லை என்று இதுவரை உறுதியாயிற்று? இனி எவற்றைத் தேட வேண்டும்? எந்த அறிகுறி கண்டால் நள்ளிரவானாலும் ஓடி வர வேண்டும்? இவற்றுக்கு விடை கிடைத்தால், நோயின் பெயர் தெரியாவிடினும் செல்ல வேண்டிய திசை தெரியும். வலிப்பு, மூச்சுத் திணறல், எழுப்பியும் விழியாமை, எதையும் பருக இயலாமை ஆகியவை கண்டால் எந்த வினாவுக்கும் காத்திராமல் விரைய வேண்டும் என்பதை எல்லா வீட்டாரும் அறிந்திருத்தல் நன்று.

இன்று விடையில்லை என்பதால் என்றும் விடையில்லை என்றாகாது. நூறு முறைக்கும் மேல் அறுவைச் சிகிச்சைக்கு உட்பட்ட ஒரு சிறுவனின் குடல்நோய்க்கு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில மருத்துவர்கள் மரபணு வரிசையைப் படித்துக் காரணம் கண்டு, 2010இல் அதற்கேற்ற சிகிச்சையும் அளித்தனர். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை அத்தகைய சோதனையே கிடையாது. ஒருமுறை பயன் தராத மரபணுச் சோதனையின் முடிவு, அறிவியல் வளர்ந்தபின் மீண்டும் ஆராயப்படும்போது விடை தந்ததும் உண்டு. ஆகவே ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் கேட்பது அறிவுடைமை.

இனித் தாயைப் பழிக்கும் வழக்கத்தைப் பற்றி ஒரு சொல். பெயர் தெரியா நோய்க்கு முதலில் குற்றவாளியாக்கப்படுபவள் தாய். கருவுற்றிருந்தபோது எதையோ தின்றாள், கிரகணத்தில் வெளியே வந்தாள், அவள் வந்த வேளை சரியில்லை என்றெல்லாம் கூறுவர். நெருங்கிய உறவில் மணம் புரிவதால் சில மரபணு நோய்களுக்கான வாய்ப்பு ஓரளவு கூடுகிறது என்பது அறிவியல் உண்மை. அதை இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். நம் சமுதாயப் பெரியோர்கள் மணம் பேசும்போது எண்ணிப் பார்க்கவும் வேண்டும். ஆனால் அத்தகைய நோய்களில் குறையுள்ள மரபணு தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாகச் சேர்ந்தே குழந்தைக்கு வருகிறது. அதை அறிந்து அளித்தவர் எவருமில்லை. தாயை மட்டும் பழிப்பதற்கு அறிவியலிலும் இடமில்லை, அறத்திலும் இடமில்லை.

உடனிருப்போரின் மூன்றாவது பொறுப்பு, குழந்தையின் இன்றைய நாளைக் காப்பது. பிணிக்குப் பெயர் இல்லை என்றாலும் வலிக்கு மருந்து உண்டு; விறைத்த தசைக்கு இயன்முறைப் பயிற்சி உண்டு; மெலிந்த உடலுக்கு ஏற்ற உணவு உண்டு. கல்வியும் அவ்வாறே. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கக் கல்வி முடியும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியை விட்டு நீக்கலாகாது. கடுமையான இயலாமை உள்ள குழந்தைக்கு வீட்டிலேயே கல்வி பெறவும் வழியுண்டு. நெடுநாள் வராத பிள்ளைக்கு ஆசிரியர் அனுப்பும் ஒரு பக்கப் பாடமும், வகுப்புத் தோழர்கள் எழுதும் ஒரு மடலும், அவன் இன்னும் அவ்வகுப்பைச் சேர்ந்தவன் என்பதை உணர்த்தும். அதே வீட்டில் நோயில்லாத குழந்தையும் ஒன்று இருக்கும். பெற்றோர் மருத்துவமனையில் இருக்க, அக்கம்பக்கத்தில் சோறுண்டு தானே பள்ளிக்குச் செல்லும் அப்பிள்ளையின் தனிமையையும் ஆசிரியப் பெருமக்கள் கண்டுணர வேண்டும்.

அரசின் உதவிகளிலும் ஓர் இடர்ப்பாடு உள்ளது. 2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கை பெரும் பொருளுதவிக்கு வழி செய்கிறது. ஆயினும் பட்டியலில் உள்ள நோய்களுக்கே அது கிடைக்கும். பெயரே தெரியாத நோயுற்ற குழந்தை அப்பட்டியலுக்கு வெளியே நிற்கிறது. ஆனால் 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ்த் தரப்படும் சான்று, குழந்தையால் எது இயலவில்லை என்பதை அளந்தே பெரும்பாலும் அளிக்கப்படுகிறது. ஆதலால் நோயின் பெயர் தெரியாதவர்களும் அதற்கு விண்ணப்பித்துப் பார்க்கலாம். பிறப்பு முதல் 18 வயது வரை உள்ளோரைப் பரிசோதிக்கும் தேசியச் சிறார் நலத் திட்டமும் 2013 முதல் நடைமுறையில் உள்ளது. இவற்றை வீடு வீடாக எடுத்துரைப்போர் தேவை.

அரசுக்குப் பட்டியல் தேவைப்படலாம். அண்டை வீட்டாருக்கு எதற்குப் பட்டியல்? பள்ளிவாசல்களின் வாயிலில், மஃரிபு தொழுகை முடித்து வருவோர் ஓதி ஊத வேண்டும் என்று குழந்தையோடு காத்து நிற்கும் அன்னையரை நாம் நாளும் காண்கிறோம். அவர்களுள் எல்லாச் சமயத்தாரும் உளர். ஓதி ஊதுவதோடு, 'மருந்து தவறாமல் கொடுக்கிறாயா அம்மா? அடுத்து எப்போது வரச் சொல்லியிருக்கிறார்கள்? உடன் செல்ல ஆள் உண்டா?' என்று ஒரு பெரியவர் கேட்டால் அது பேருதவியாகும். ஜமாஅத்தின் பைத்துல்மால் நிதியிலிருந்து உதவுகையில் நோயின் பெயரை எழுதிக் கொண்டுவரச் சொல்லாமல், ஆட்டோ கட்டணத்துக்கும் இழந்த கூலிக்கும் ஈடு செய்யும் வழக்கம் ஏற்பட வேண்டும். அய்யூப் நபி (அலை) அவர்களின் பொறுமையை நாம் போற்றுகிறோம். எல்லோரும் விலகிய காலத்தும் உடனிருந்து அவர்களைப் பேணிய துணைவியாரையும் அவ்வரலாறு நமக்குக் காட்டுகிறது. பொறுமையை நோயாளிக்கு மட்டும் உபதேசித்துவிட்டு நாம் விலகி நிற்பது அவ்வரலாற்றைப் பாதி மட்டும் படித்ததாகும்.

முதல் மாதம் எல்லோரும் வந்து பார்ப்பர். மூன்றாம் ஆண்டில் யாரும் வருவதில்லை. அந்த மூன்றாம் ஆண்டில்தான் உதவி மிகுதியும் தேவைப்படுகிறது. ஆகவே மாணவச் செல்வங்களையும் ஆசிரியப் பெருமக்களையும் சமுதாயச் சான்றோர்களையும் நாம் வேண்டுவது இதுவே: உங்கள் தெருவில் நெடுநாளாக நோயுற்றிருக்கும் குழந்தை எது என்று விசாரித்து அறியுங்கள். 'என்ன நோய்?' என்று கேட்காதீர்கள். அவ்வினாவுக்கு அத்தாயிடம் விடையில்லை. 'இன்று எப்படி இருக்கிறான்?' என்று கேளுங்கள். அதற்கு அவளிடம் ஆயிரம் விடைகள் உண்டு. அமர்ந்து கேளுங்கள், கேட்டதை எழுதிக் கொடுங்கள், அடுத்த வாரமும் செல்லுங்கள்.